எட்டரை மணி மேஜை

எங்கள் கோயிலில் பிரச்சினையே ஒரு மேஜைதான் என்று வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்து வருடமாக அதன் சபைக்குழுவுக்குச் செயலாளராக இருந்து குறிப்பேடு எழுதுகிறவன் நான். எனக்குச் சிரிப்பு வந்து நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி நெருங்கினாலே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

காரைக்காலில் ஆங்கிலிக்கன் கோயில் ஏது என்று கேட்பீர்கள். இரண்டு வெள்ளைக்காரர்களும் இந்த ஊரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலேயன் கையில் கொஞ்ச நாள் இருந்தபோது அரசலாற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிவிட்டான். ஊரைப் பிரெஞ்சுக்காரனிடம் திருப்பிக் கொடுத்தபோது கோயிலைப் பட்டியலில் சேர்க்க மறந்துபோனான். பிரெஞ்சுக்காரனும் கேட்கவில்லை. அப்படி யாருக்கும் வேண்டாமல் நின்ற கோயிலில் நாங்கள் நாற்பத்தொரு குடும்பம்.

1947-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆங்கிலிக்கன் சபைகளெல்லாம் மற்ற சபைகளோடு ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்துவிட்டோம் என்று எங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அப்போது இது பிரெஞ்சு மண். கடிதம் எல்லைச் சாவடியில் ஏழு வருடம் கிடந்தது. அந்த ஏழு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தோமா, சேராமல் இருந்தோமா? இதற்குப் பதில் தெரியாமல்தான் ஒரு தலைமுறையே செத்துப்போனது.

சேர்ந்துவிட்டோம் என்றவர்கள் நீல அட்டை போட்ட புதிய ஜெபப் புத்தகத்தை வாங்கினார்கள். சேரவே இல்லை என்றவர்கள் கறுப்பு அட்டை போட்ட பழைய புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்புப் புத்தகக்காரர்களுக்கு, அப்பமும் ரசமும் வைக்கிற நற்கருணை மேஜை கிழக்குச் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். குருவானவர் சனங்களுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். நீலப் புத்தகக்காரர்களுக்கு மேஜை நான்கு அடி முன்னால் வர வேண்டும். குருவானவர் அதன் பின்னால் நின்று மேற்கே, சனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்கள் வேதம் வாசிக்கலாமா, பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா, பாட்டுக்குக் கித்தார் ஆகுமா என்று இன்னும் நூறு சண்டை உண்டு. எல்லாச் சண்டையும் கடைசியில் மேஜையில் வந்துதான் முட்டும். அதனால் ஊரில் எங்களைக் கிழக்குக்காரர்கள், மேற்குக்காரர்கள் என்றே சொன்னார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஆராதனை, ஒன்பது மணிக்கு மேற்கு ஆராதனை. இரண்டுக்கும் குருவானவர் ஒருவர்தான், ஞானசிகாமணி ஐயர். ஏழு மணிக்கு முதுகு, ஒன்பது மணிக்கு முகம். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து வரும். அன்றைக்கு ஐயர் மேஜையின் ஓரத்தில் பக்கவாட்டாகத் தெற்கே பார்த்து நிற்பார். தெற்கே ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்கு வெளியே மீன்காரிகள் போவார்கள். வருடா வருடம் எங்கள் கிறிஸ்துமஸ் ஆசீர்வாதம் முழுவதும் மீன்கூடைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இரண்டு ஆராதனைக்கும் நடுவில், எட்டரை மணிக்கு, மேஜையைச் சுவரிலிருந்து நான்கடி இழுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பச் சுவரோடு தள்ள வேண்டும். பர்மாத் தேக்கு. இந்த வேலையைச் செய்தவர் கோயில்பிள்ளை மாசில்லாமணி. மணி அடிப்பதும் விளக்குத் துடைப்பதும் அவர்தான் என்றாலும், ஆள் தேய்ந்தது மேஜையால். குடலிறக்கம் வந்து, வயிற்றைச் சுற்றி ஒரு தோல் பெல்ட் கட்டிக்கொண்டு இழுப்பார். நீ கிழக்கா மேற்கா என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "கனமா இருக்குங்க" என்று சொல்லியிருப்பார்.

1977 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மேஜையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மாசில்லாமணி விழுந்து செத்துப்போனார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஒரு கை குடுங்க சார்" என்று அவர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. செயலாளர் மேஜையைத் தொட்டால் எந்தக் கட்சிக்காகத் தொட்டான் என்று கேள்வி வருமே என்று நான் தலையை நிமிர்த்தவில்லை. விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். இதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.

மேஜை சரியாக இரண்டடியில் நின்றிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

கிழக்குக்காரர்களின் தலைவர் வேதமாணிக்கம், பிரெஞ்சுக் காலத்தில் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதியவர். எல்லோரும் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்று கூப்பிடுவார்கள். சாவு விஷயத்தில் தமக்கு மேல் ஆள் இல்லை என்பது அவர் நினைப்பு. பிணம் தரையில் கிடக்க, அவர் டேப்பை எடுத்து மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் அளந்தார்.

"அறுபது சென்டிமீட்டர். நாலடி முழுசாகத் தாண்டாத வரைக்கும் இது கிழக்கு மேஜை. மாசில்லாமணி கிழக்கு மேஜையில் மரித்தவர். கறுப்புப் புத்தகப்படிதான் அடக்கம் பண்ண வேண்டும்" என்றார்.

மேற்குக்காரர்களின் தலைவர் பேராசிரியர் ஜோதிநாதன். சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டுக்கு மூன்று வாரம் போய் வந்தவர். அந்த மூன்று வாரம் அவருக்கு இன்னும் முடியவில்லை.

"அளவை வெச்சுப் பேசக்கூடாது முசியே. திசையை வெச்சுப் பேசணும். அவர் எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்தாரு? மக்களை நோக்கிப் போய்க்கிட்டிருந்தாரு. அது ஒரு பயணம். அந்தப் பயணத்தை நிறுத்தினது பழமைவாதம்."

"பழமைவாதம் இல்லை, குடலிறக்கம்" என்றார் முசியே.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. வெளியே பூவரச மரத்தடியில் மாசில்லாமணியின் மனைவி செல்வம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோட்டுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கட்டிக்கொண்டு எங்கள் சபைக்கு வந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள் அவள் மடியில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மத்தியானம் நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது எழுந்து வந்தாள்.

"என்னா சார் பேசறாங்க? எப்ப எடுப்பாங்க? வெயில் ஏறுது சார்."

"பேசிக்கிட்டிருக்காங்கம்மா" என்றேன்.

குழி வெட்டுகிற காத்தமுத்து மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றான். "முழுசா வெட்டவா சார், பாதியா வெட்டவா? உள்ள கேக்கற சத்தத்தப் பாத்தா பாதிதான் போலருக்கு" என்றான்.

அவன் குறி சொன்ன மாதிரியே ஆயிற்று. மாலை நான்கு மணிக்கு, தற்காலிக அடக்கம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. அடக்க ஆராதனையில் இரண்டு புத்தகத்துக்கும் பொதுவான ஜெபங்களை எல்லாம் சொல்லிவிடுவது. குழிக்குப் பக்கத்தில் நின்று செத்தவரை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிற அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும், எந்தப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வது என்று முடிவாகும் வரை நிறுத்தி வைப்பது. இரண்டு புத்தகத்திலும் அந்த வாக்கியத்தின் பொருள் ஒன்றுதான் என்பதைச் செயலாளர் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் சொல்லும்போதுதான் ஆளாளுக்கு ஒரு பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். எல்லோரும் கையில் மண்ணோடு குழியைச் சுற்றி நின்றோம். ஐயர் அந்த இடம் வரைக்கும் வாசித்துவிட்டு, விரலை அடையாளத்துக்கு வைத்துப் புத்தகத்தை மூடினார். மண்ணைப் போடுவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வம்மாள் குனிந்து போடப் போனாள். "இப்ப வாண்டாம்மா, இன்னும் அந்த எடம் வரல" என்று ஐயரே அவள் கையைத் தடுத்தார். அவரவர் மண்ணை ஓரமாகக் கொட்டிவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டோம். காத்தமுத்து மண்வெட்டியால் மூடினான்.

அடுத்த ஞாயிறு ஏழு மணி ஆராதனை முடிந்ததும், புதுக் கோயில்பிள்ளை கிழக்கா மேற்கா என்று முடிவாகாததால், மேஜையை இழுக்க ஆள் இல்லை. இரண்டு கட்சியும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தன. மணி எட்டரை. உள்ளே தேக்குக் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இழுபட்டது. நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். மறுபடி இழுபட்டது. பெல்ட்டுக் கொக்கி கழன்று தரையில் விழுந்தது. நாங்கள் உள்ளே போனபோது மேஜை நான்கடியில் நின்றது. தரையில் வியர்வைச் சொட்டும், ஈரமான வெறுங்கால் தடங்களும் இருந்தன. தடத்தில் இடது கால் சுண்டுவிரல் இல்லை. மாசில்லாமணிக்கும் இல்லை.

மேற்குக்காரர்கள் ஒன்பது மணி ஆராதனையை ஆரம்பித்தார்கள். முதல் பாட்டு கித்தாரோடு. சாயங்காலம் மேஜை தானே சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

அந்த மாதக் கூட்டத்தின் குறிப்பை அப்படியே தருகிறேன், என் கையெழுத்துதான்: "மேஜை நகர்த்தும் பணி திருப்திகரமாக நடைபெற்றுவருகிறது. கோயில்பிள்ளை இடத்தை நிரப்புவது பற்றி அவசரம் இல்லை எனக் குழு கருதுகிறது."

எனக்கு மட்டும் இன்னொன்றும் கேட்டது. முன்வரிசையில் நான் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பது செயலாளர் கடமை. இரண்டடிக்கு வந்ததும் அந்த மூச்சு என் பக்கம் திரும்பும். "சார்" என்று மட்டும் வரும். நான் தலையை நிமிர்த்தியதில்லை.

செல்வம்மாளுக்கு விஷயம் காத்தமுத்து மூலம் போய்விட்டது. பிள்ளைகளோடு திரும்பிப் போயிருந்த கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். சத்தம் நின்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேராக ஐயர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

"செத்தும் அவருக்கு லீவு கெடைக்கலியே ஐயா. பாவம் ஐயா, இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு இழுக்கறாரு. அந்த ஒரு வரியச் சொல்லிடுங்க. அவரு போவட்டும்."

"எனக்கு மனசு இருக்கும்மா, அதிகாரம் இல்லை" என்றார் ஐயர். "கறுப்புல சொன்னா இவங்க மேலிடத்துக்கு எழுதுவாங்க. நீலத்துல சொன்னா அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. நான் ஓய்வு பெற இன்னும் பத்து வருசம் இருக்கு. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

"அவருந்தான் ஓய்வு பெறணும்" என்றாள் செல்வம்மாள்.

அவள் கேட்டதைக் குழுவில் வைத்தேன். குழுவில் வைக்கிறேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக வரும்.

மேற்குக்காரர்கள் அதை மிகவும் அனுதாபத்தோடு எடுத்துக்கொண்டார்கள். அனுதாபத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 1980-ல் 'இன்றைய சூழலில் மரணம்' என்று மூன்று நாள் கருத்தரங்கு வைத்தார்கள். செல்வம்மாளை அனுபவப் பகிர்வுக்கு அழைத்து ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவள் மேடையில் ஏறி, "எம் புருசனுக்கு அந்த வரியச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். இன்னும் நாலே முக்கால் நிமிடம் பாக்கி இருந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஜோதிநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரலை இன்று கேட்டோம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லி இதை நாம் கொச்சைப்படுத்திவிடக் கூடாது. இது கேள்வியாகவே இருக்க வேண்டும். இதைச் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லாச் சபைகளுக்கும் அனுப்புவோம்" என்றார். அனுப்பினார்கள். செல்வம்மாளுக்கும் ஒரு பிரதி கிடைத்தது.

கிழக்குக்காரர்கள் சட்டப்படி போனார்கள். முசியே மூன்று மாதம் உட்கார்ந்து பழைய விதிகளைப் படித்துவிட்டு ஒரு நோட்டீஸ் எழுதினார். அதை மேஜையிலேயே ஒட்டச் சொன்னார். மாசில்லாமணி என்ற பெயருக்கு நேரே, "ஊழியத்திலிருந்து முறைப்படி விடுவிக்கப்படாதவர்" என்று போட்டிருந்தது. மாலையில் மேஜையைச் சுவரோடு சேர்ப்பதற்காக அவரைச் சபை பாராட்டுகிறதென்றும், காலையில் அதைச் சுவரிலிருந்து பிரிப்பதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமென்றும் எழுதியிருந்தது. விளக்கம் வராததால் முசியே நினைவூட்டுக் கடிதம் ஒன்றும் ஒட்டினார்.

"இது கொஞ்சம் அதிகமில்லையா முசியே?" என்று நான் ஒரு தரம் கேட்டுப்பார்த்தேன்.

"செத்துவிட்டால் விதி பொருந்தாது என்று ஆரம்பித்தால் இந்தச் சபையில் யாருக்குத்தான் விதி பொருந்தும்?" என்றார்.

செல்வம்மாளின் அண்ணன் சிலுவைராஜ் அவளைத் தங்கள் கோயில் சாமியாரிடம் கூட்டிப்போனான். அவர் நல்ல மனிதர். உனக்காகப் பூசை வைக்கிறேன் அம்மா, ஆனால் அடுத்த சபைக்காரர்கள் பாதியில் விட்ட அடக்கத்தை நான் முடித்து வைத்தால் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லிவிட்டார். வருவார்கள்தான். அதற்கு மட்டும் சேர்ந்தே வருவார்கள்.

இதற்கு நடுவில் சாவு நிற்குமா? மாசில்லாமணிக்குச் செய்ததை முன்னுதாரணம் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு செத்த ஆறு பேரையும் தற்காலிகமாகவே அடக்கம் செய்தோம். ஒவ்வொரு அடக்கத்திலும் ஐயர் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினார். ஒவ்வொரு தரமும் கையில் எடுத்த மண்ணை ஓரமாகக் கொட்டினோம். 1982 வாக்கில் ஒரு ஞாயிறு கவனித்தேன். மேஜை முன்போல நின்று நின்று போகவில்லை. முனகாமல் சரசரவென்று நகர்ந்தது. ஆள் கூடிவிட்டது. தரையில் சின்னக் கால்தடம் ஒன்றும் இருந்தது. அந்த மாதம்தான் காய்ச்சலில் போன நான்கு வயதுக் குழந்தை ஒன்றைப் புதைத்திருந்தோம். நான் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருடம் அத்தியட்சர், அதாவது பிஷப், விஜயம் செய்தார். பூர்ண கும்பம் ஒன்றுதான் பாக்கி, மற்ற மரியாதை எல்லாம் நடந்தது. கிழக்குக்காரர்கள் ரோஜா மாலையும் மேற்குக்காரர்கள் கதர்த் துண்டும் போட்டார்கள். இரண்டையும் ஒரே தோளில் போட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, அவர் ஆளுக்கொரு தோளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டார்.

"திருச்சபை ஒரு குடும்பம்" என்று பிரசங்கம் பண்ணினார். "குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் கிழக்கே இருப்பவர்களோடு முழு மனதாக இருக்கிறேன். மேற்கே இருப்பவர்களோடும் முழு மனதாக இருக்கிறேன். எங்கே இருக்கிறேன் என்று என்னைத் தேட வேண்டாம். முடிவெடுப்பது சுலபம், பிரியமானவர்களே. முடிவெடுக்காமல் இருப்பதற்குத்தான் கிருபை வேண்டும்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எட்டரை அடித்து, மேஜை அவருக்குப் பின்னால் நான்கடி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அது?"

"எலிங்க ஐயா" என்றார் ஞானசிகாமணி ஐயர்.

அத்தியட்சர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். "பெரிய எலி" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார்.

செல்வம்மாள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அவரிடம் கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்து, பொறுமையாக இரு அம்மா, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றார். "எனக்கு ஆற வாண்டாங்க, அவரு ஓயணும்" என்று அவள் சொல்வதற்குள் கார் எல்லைச் சாவடிப் பக்கம் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எட்டேகால் பஸ்ஸில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். சத்தம் ஓயும்வரை இருந்துவிட்டு எழுந்து போவாள். என்னைக் கடக்கும்போது "வரேன் சார்" என்பாள். அதைவிட அவள் என்னை வைதிருக்கலாம்.

1986 ஆகஸ்டு. மேஜைக்கால்கள் போய் வந்து தரையில் நான்கு பள்ளம் விழுந்திருந்தது. அன்றைக்கு ஒரு கால் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. இழுக்கிறார்கள், வரவில்லை. மூச்சு இரைக்கிறது. பெல்ட்டுக் கொக்கி விழுகிறது. மறுபடி மாட்டுகிற சத்தம். மறுபடி விழுகிறது. குழந்தை ஒன்று விசும்பியது. "சார்" என்றது அந்தக் குரல். அன்றைக்குத் தெளிவாக, முழுசாக, "சார், ஒரு கை குடுங்க சார்" என்றது.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

பின்னால் பெஞ்சு தள்ளப்படும் சத்தம் கேட்டது. செல்வம்மாள் நடுவழியாக நடந்து வந்தாள். மேஜைக்கு முன்னால் ஒரு மரத் தடுப்பு உண்டு. கிழக்குச் சட்டப்படி பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. மேற்குச் சட்டப்படி தாண்டலாம். ஆனால் இரண்டு வாரம் முன்னால் பெயர் கொடுத்திருக்க வேண்டும். "பேர் குடுக்கலியேம்மா" என்று என் வாயில் வந்துவிட்டது, வெட்கக்கேடு. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தடுப்பைத் தாண்டிப் போய் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நற்கருணை மேஜையின் மேல், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

மேஜை நடுங்கியது. பிறகு நின்றது.

"போதும், விடுங்க" என்றாள், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி. "எம்மா நேரமா மூச்சு வாங்குது ஒங்களுக்கு. பெல்ட்டு அவுந்து கெடக்கு, பாருங்க. இத இந்தாண்ட நவுத்தினா அவங்க சண்ட போடுவாங்க. அந்தாண்ட நவுத்தினா இவங்க சண்ட போடுவாங்க. நீங்க நவுத்தித்தான் சாமி வரணும்னு ஒண்ணுமில்ல. பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிட்டுது. சின்னவ டீச்சர் டிரெயினிங் முடிச்சுட்டா. எனக்கு ஒரு கொறயும் இல்ல. ஒங்ககிட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாங்க, நான் சொல்றேன். நீங்க செத்துட்டீங்க. செத்தவங்க படுத்துக்கலாம். போயிப் படுங்க."

மேஜையின் மறுபக்கம் திரும்பினாள்.

"நீங்களுந்தான். எல்லாரும் போங்க. பாப்பாவ யாராச்சும் தூக்கிக்குங்க."

கதவு பக்கமாகக் காற்று போயிற்று. அவ்வளவுதான். செல்வம்மாள் இறங்கி, தடுப்புக்கு வெளியே வந்து, கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒன்பது வருட அழுகை. மேஜை இரண்டடியில் நின்றிருந்தது.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். முப்பது வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் நேரத்துக்கு வந்தன.

"அவள் சொன்னது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார் முசியே. "கறுப்பிலும் இல்லை. நீலத்திலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்."

"நீலத்திலும் இல்லை" என்று ஜோதிநாதன் உடனே ஒத்துக்கொண்டார். "பெண்கள் பேச வேண்டும் என்பதுதான் எங்கள் கொள்கை. அதற்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் பேசுவதற்கென்று ஒரு அமர்வு இருக்கிறது. தயாரிப்பு இல்லாமல், கலந்துரையாடல் இல்லாமல், இப்படி நேரடியாகப் பலன் கிடைக்கிற மாதிரி பேசினால், நாங்கள் இத்தனை வருடம் பேசியதெல்லாம் என்ன?"

"அதேதான்" என்றார் முசியே.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செல்வம்மாள் சொன்ன வார்த்தைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் செல்லாது. மாசில்லாமணியும் மற்ற ஆறு பேரும் இன்னும் ஒப்புக்கொடுக்கப்படாதவர்களாகவே கருதப்படுவார்கள். மாசில்லாமணி வருகிற ஞாயிறு காலை எட்டரை மணிக்குத் தவறாமல் பணிக்குத் திரும்ப வேண்டும். நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் முசியேயும் ஜோதிநாதனும் கை குலுக்கினார்கள். ஞானசிகாமணி ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஒற்றுமையைக் காண்பதற்காகவே கர்த்தர் என்னை வைத்திருந்தார் என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வாசலில் காத்திருந்தோம். எட்டரை. எட்டு நாற்பது. எட்டே முக்கால். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லாதவன் அல்லவா?

போய் இழுத்தேன். கனமாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் ஆகிறது. காலையில் இழுக்கிறேன், சாயங்காலம் தள்ளுகிறேன். இரண்டடி வந்ததும் நெஞ்சில் இடது பக்கம் சுளுக்கு மாதிரி ஒன்று பிடிக்கிறது. டாக்டர் கனமான எதையும் தூக்காதீர்கள் என்கிறார். தூக்கவில்லை டாக்டர், இழுக்கிறேன் என்றேன். தற்காலிக அடக்கத் தீர்மானம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, போன சனிக்கிழமை பஸ் ஏறிக் கோட்டுச்சேரிக்குப் போனேன். செல்வம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், ஒக்காருங்க. ஏன் சார் மூஞ்சி இப்பிடிக் கெடக்கு?"

மாசில்லாமணி என்னைக் கைகொடுக்கக் கேட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆரம்பித்தேன். "அன்னைக்கு அவரு கூப்பிட்டப்போ" என்பதோடு நின்றது.

"தெரியும் சார்" என்றாள் அவள், கீரையைப் பார்த்தபடியே. "அவரு எப்பவும் சொல்லுவாரு. சார் நல்லவரு, கேட்டாத்தான் காதுல விழாதுன்னு."

பிறகு என் சமாச்சாரத்தைக் கேட்டேவிட்டேன்.

"எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அவருக்குச் சொன்னியே, அதை எனக்கும் ஒரு தரம் சொல்லுவியாம்மா? ஐயர் விரலை வெச்சு மூடிடுவாரு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"சொல்றேன் சார், அதுக்கென்ன? ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு ஞாயித்துக்கெழம நீங்க அத இழுக்காம இருந்தா என்னா சார் ஆவும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். பத்து வருடக் குறிப்பேட்டை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் வந்ததில்லை.

"அதைக் குழுவுல வெச்சுத்தாம்மா சொல்ல முடியும்" என்றேன்.

செல்வம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நீங்க கேட்டதையும் அங்கயே வெச்சுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.